ஊதாத விசில்

தம்பிகளே,

போலீஸ் டிப்போவில் பயிற்சி முடிக்கப்போகும் உங்கள் முன்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பேசவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பியிருந்தார். வந்தவருக்கு என் மனைவி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது நான் பின்வாசல் வழியாகக் கோழிக்கூண்டைப் பார்க்கப் போய்விட்டேன். கூட்டத்துக்கு முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இத்தனை வருடம் போலீசில் இருந்தும் அந்தக் கூச்சம் போகவில்லை. "பேசமாட்டாரு. வேணும்னா எழுதித் தருவாரு" என்று அவளே பதில் சொல்லி அனுப்பிவிட்டாள். அதனால் இதை எழுதுகிறேன். உங்களில் குரல் நன்றாக இருக்கிற ஒருவர் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நான் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் படிக்கிறவர் திருத்திக்கொள்ளலாம்.

ரோந்து போவது, விலங்கு மாட்டுவது, கோர்ட்டில் சாட்சி சொல்வது இதையெல்லாம் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது விளையாட்டு விஷயம். சிரிக்காதீர்கள். என் சர்வீசில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதையும் நான் தனியாகச் செய்யவில்லை. எனக்குச் செய்து கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

நான் சேர்ந்த காலத்தில் போலீசில் மலாய்க்காரர்களும் பஞ்சாபியர்களுமே நிறைய. தமிழன் ஒருவனைச் சேர்த்தால், ரயில்வேக் கூலிகள் குடியிருக்கிற லயத்திலும் ரப்பர்த் தோட்டத்திலும் நடக்கிற பேச்சைக் காதில் வாங்கி வந்து சொல்வதற்காகத்தான் இருக்கும். எங்கள் ஸ்டேஷன் இருந்த பிரிக்பீல்ட்ஸ் ஜனங்களுக்கு அது தெரியும். மலாயில் போலீஸ்காரனை மாத்தா என்பார்கள் அல்லவா, நம் ஆட்களும் என்னை மாத்தா என்றே கூப்பிட்டார்கள். நான் தெருமுனையில் தலையைக் காட்டினால் பேச்சு நின்றுவிடும். என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அது வசதியாகக்கூட இருந்தது. யாரிடமும் நலம் விசாரிக்க வேண்டியதில்லை.

அப்போது பிரிக்பீல்ட்ஸில் பெரிய தலைவலி இளவட்டங்கள். ரயில்வே யார்டில் நிலக்கரியும் பித்தளைச் சாமானும் காணாமல் போகும். சந்தில் காசு சுண்டி விளையாடுவார்கள். அந்த லயத்துக்கும் இந்த லயத்துக்கும் கல்லெறி நடக்கும். நாங்கள் பிடிப்போம், அடிப்போம், கோர்ட்டுக்குக் கொண்டுபோவோம். வெளியே வந்தவன் முன்பைவிடக் கெட்டிக்காரனாக வருவான். அந்தச் சமயத்தில் புதிதாக ஒரு துரை மாற்றலாகி வந்தார். அவருடைய ஊரில் பையன்களுக்கு விளையாட்டுக் கூடம் வைத்து நடத்தியவராம். ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் ஒரு ஆளைப் பொறுக்கி, ஜனங்களோடு பழகவும் பையன்களை விளையாட்டில் இறக்கவும் பயிற்சி கொடுக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். எங்கள் ஸ்டேஷனில் யாரும் முன்வரவில்லை. "வேண்டாம்" என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். என் பெயரை எழுதிவிட்டார்கள்.

பயிற்சியில் துரை இங்கிலீஷில் பேசுவார். கிளார்க் ஒருவர் அதை மலாயில் சொல்வார். ஒருநாள், ஒரு வீட்டுக்குப் போய் அந்த வீட்டுக்காரரோடு சகஜமாகப் பேசுவதுபோல் நடித்துக் காட்டச் சொன்னார்கள். கிளார்க்தான் வீட்டுக்காரர். நான் எழுந்துபோய் அவர் முன்னால் நின்று, "உன் பேர் என்ன? எங்க வேலை? ராத்திரி எங்க இருந்த?" என்று கேட்டேன். கூடமே சிரித்தது. துரையும் சிரித்தார். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியாது, தம்பிகளே. ஒரு மனிதனிடம் அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அந்தக் கூட்டத்தில் சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். விளையாட்டுக் கற்றுக்கொடுக்க வந்த மலாய்க் கோப்ரல். என்னைவிட வயதில் சிறியவர். கிள்ளான் பக்கத்து மலாய்க் கிராமம் ஒன்றில் பிறந்து, பிரம்புப் பந்தைக் காலால் தட்டியே வளர்ந்தவர். தன் பெயரை எழுதக்கூடாது என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் கோப்ரல் என்றே எழுதுகிறேன். சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அண்ணன் முறை வைத்து அபாங் என்று கூப்பிட்டார்.

"அபாங், உங்களுக்கு வாய் வராது. அது போகட்டும்லா. கை கால் வருமா?"

"சின்ன வயசில் சடுகுடு ஆடியிருக்கிறேன்."

"அப்புறம் என்ன? பேசாதீங்க. ஆடுங்க."

அவர் வகுப்பில் உட்காரவைத்துச் சொன்னவை எனக்கு நினைவில்லை. பந்து தட்டிக்கொண்டே சொன்னவை நினைவிருக்கின்றன. பையனின் பெயரைத் தெரிந்துகொள், பெயர் தெரிந்தவனை அடிக்கக் கை சீக்கிரம் எழும்பாது என்பார். இன்னொன்றும் சொன்னார். கூட்டம் கொதிக்கும்போது அதன் காதோடு பேசிப் பயனில்லை, அதன் கைகளுக்கு வேறு வேலை கொடு என்றார். இரண்டாவது எனக்கு அப்போது புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

கூடப் பயிற்சி பெற்ற ஒருவர் காஜாங் ஸ்டேஷனுக்குப் போனார். அவருடைய கதையையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு பந்தை வாங்கித் திடலில் வைத்துவிட்டுப் பையன்களைக் கூப்பிட்டார். ஒருவரும் கிட்டே வரவில்லை. தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் பந்தைக் காணோம். தேடிக்கொண்டு போனால், ஒரு ரப்பர்த் தோட்டத்து ஓரத்தில் அதே பந்தை வைத்து ஆனந்தமாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். திருட்டுக் கேஸ் எழுதலாமா என்று ஸ்டேஷனில் கேட்டார்களாம். "அவங்க ஆடணும்னுதானே வாங்கினேன்? ஆடறாங்களே!" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் அந்தத் தோட்டத்து ஓரத்துக்கே தானும் போய் நின்றுகொண்டார். நல்ல மூளை அவருக்கு.

எனக்கு அந்த மூளை இல்லை. என் ஆரம்பம் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

ரயில்வே லயங்களுக்குப் பின்னால், ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம் ஒன்று உண்டு. தூர்ந்து சமமாகி, சிவப்பு மண்ணாகக் கிடந்தது. ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் சரக்குக் கொட்டகை. அந்த இடத்தில் ஞாயிற்றுக்கிழமை சடுகுடு நடக்கும் என்று லயம் லயமாகச் சொல்லி வைத்தேன். பயத்திலோ ஆசையிலோ நல்ல கூட்டம் வந்துவிட்டது. இரண்டு கட்சி பிரித்தாயிற்று. நடுவில் கோடு கிழித்தாயிற்று. நான் சீருடையில் கோட்டருகே நின்று, ஆட்டத்தைத் தொடங்கிவைக்க என் விசிலை எடுத்து ஓங்கி ஊதினேன்.

அடுத்த நொடி திடலில் ஒரு ஆள் இல்லை.

ஆடவந்தவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள், கச்சாங் கடலை விற்றவர், தண்டவாளத்தோரம் மாடு கட்ட வந்த கிழவர் எல்லாரும் ஓடிவிட்டார்கள். மாடு மட்டும் நின்றது. எத்தனையோ வருடமாக அந்த விசில் கேட்டால் சூதாட்டக்காரனும் ஓடுவான், சூதாடாதவனும் ஓடுவான். அதே விசிலை ஊதி விளையாட அழைத்தவன் நான். போலீஸ்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அது.

ஓட்டத்தில் ஒரு வடைக்காரியின் தட்டு கவிழ்ந்து, வடையெல்லாம் செம்மண்ணில் கிடந்தது. அந்த அம்மா ஓடவில்லை. அவளுடைய மகன் கால் பிசகி விழுந்துகிடந்தான். அவனால் ஓடமுடியவில்லை. நான் அவனைத் தூக்கப் போனேன்.

"தொடாதீங்க! நான் ஒண்ணும் பண்ணல!" என்று கத்தினான்.

"உன்ன யாருப்பா என்ன சொன்னா?"

"பின்ன எதுக்கு விசில் ஊதுனீங்க?"

"ஆட்டம் ஆரம்பிக்க."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு தன் தாயைப் பார்த்து, "ஆட்டம் ஆரம்பிக்க மாத்தா விசிலாம், ஆத்தா!" என்று சொல்லி, கால் வலியையும் மறந்து சிரித்தான். தாய் சிரிக்கவில்லை. மண்ணிலிருந்து ஒரு வடையை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"வாங்கிக்குங்க மாத்தாண்ணே. உங்க ஆட்டத்துக்கு மொத பரிசு."

அவள் பெயர் அஞ்சலை. மகன் பெயர் முனியாண்டி. பதினெட்டு வயதுக்குள் இருப்பான். ஸ்டேஷனில் அவனைத் தெரியாதவர் இல்லை. யார்டில் பித்தளை திருடியதற்கு ஒருமுறையும், கல்லெறியில் ஒருமுறையும் பிடிபட்டவன். இரண்டாவது தடவை மாஜிஸ்திரேட் கடுமையாகச் சொல்லியிருந்தார். இனி ஒரு சண்டையில் இவன் பெயர் அடிபட்டால் நாடு கடத்தச் சொல்லி எழுதுவேன், கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். அவன் கைக்குழந்தையாகத் தாயின் இடுப்பில் இங்கே வந்தவன்.

ஒருநாள் அஞ்சலையக்கா என்னிடம் சொன்னாள்: "இவன நாகப்பட்டணத்துல கொண்டுபோய் எறக்கிவிட்டா, எந்தப் பக்கம் நடக்கறதுன்னுகூடத் தெரியாதுண்ணே. அங்க எங்களுக்குன்னு யாரு இருக்கா? கப்பல் ஏறுனா புள்ள போனது போனதுதான்." அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. வடைக்கு மாவு தட்டிக்கொண்டே சொன்னாள். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

விசில் கதையைக் கோப்ரலிடம் சொன்னபோது அவரும் இந்தத் தடவை சிரித்துவிட்டார். "அந்த வடை அம்மாவையே கேளுங்கலா, எதை வைத்து ஆரம்பிக்கலாம் என்று." போய்க் கேட்டேன். அஞ்சலையக்கா வடை வைத்து எடுத்துவரும் மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து, எண்ணெய்க் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "இது போதாதா? இதுக்கு ஓடறவன் எவன்? வடைக்கு ஓடிவருவான்." அன்றிலிருந்து ஆட்டம் தொடங்குவதும் முடிவதும் அவளுடைய டின் சத்தத்தில்தான். திடலில் அவளுக்கு என்னைவிட அதிகாரம் அதிகம். "ஏலே, சட்டையக் கழட்டி வச்சுட்டு ஆடு, கிழிஞ்சா உங்கம்மா என்னத்தான் கேப்பா" என்று அவள் அதட்டினால், கோர்ட்டையே பார்த்தவர்கள்கூடக் கழற்றி வைத்தார்கள்.

ஞாயிறுதோறும் ஆட்டம் நடந்தது. நான் பேசவில்லை, ஆடினேன். பெயர்களைத் தெரிந்துகொண்டேன். யாருக்கு மூச்சு நீளம், யார் கணுக்காலைப் பிடிப்பான், யார் பிடிபட்டால் கோபித்துக்கொள்வான் என்பதெல்லாம் தெரியவந்தது. முனியாண்டி பிரிக்பீல்ட்ஸ் கட்சிக்குத் தலைவன் ஆனான். யார்டில் பித்தளை போவது நின்றதா என்று கேட்காதீர்கள். குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலில் அடிபடக்கூடாது என்று சனிக்கிழமை கல்லெறி நின்றது. அது எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் கிள்ளான்காரர்களை அழைத்துப் போட்டி வைக்கலாம் என்று பையன்கள் கேட்டார்கள். துரைக்குச் சந்தோஷம். ஆனால் ஸ்டேஷனில் மற்றவர்களுக்கு அச்சம். கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற இளைஞர்கள் அவர்கள். ஒவ்வொருவன் தோளும் பலகை மாதிரி இருக்கும். கடைசியில் துரை ஒரு ஏற்பாடு செய்தார். சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் பஞ்சாபி ஹவில்தார் ஒருவர் தலைமையில் ஒரு படை தடியோடு மறைந்திருக்கும். கலவரம் வந்தால் நான் விசில் ஊதவேண்டும். விசில் கேட்டதும் அவர்கள் பாய்ந்து வருவார்கள். "ஊதத் தயங்காதே" என்று துரை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். சண்டை வந்தால் திடலை வேலி போட்டு மூடிவிடவேண்டும் என்றும் மேலே இருந்து சொல்லியிருந்தார்களாம்.

தடியோடு வருகிற படை யாரை முதலில் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே முகம் தெரிந்தவனைத்தான்.

அந்த ஞாயிறு கிள்ளான்காரர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய தலைவன் பெயர் சவரிமுத்து. கழுத்தில் ஜெபமாலை, இடுப்புவாரில் மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கி. கொக்கியை வைத்துவிட்டு வரச் சொன்னேன். "இது எங்க சோறு மாத்தாண்ணே. கழட்டி வச்சா எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான். இது பிரிக்பீல்ட்ஸாச்சே!" என்றான். கிள்ளான் பக்கம் சிரிப்பு. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் உறுமல். அப்போது அவன் கொக்கியைத் தன் துண்டில் சுற்றி எல்லைக்கோட்டுக்கு வெளியே வைத்தான். நானும் சரி என்று விட்டேன்.

ஆட்டம் சமமாகப் போயிற்று. அஞ்சலையக்காவின் டின் முழங்கியது. வெயில் இறங்குகிற வேளை. கடைசிப் பாட்டு யாருக்கு என்பதில்தான் வெற்றி. சவரிமுத்து பாடிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் எல்லைக்குள் வந்தான். உங்களில் சடுகுடு தெரியாதவர் இருந்தால் சொல்கிறேன்: எதிரியின் எல்லைக்குள் போகிறவன் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போய், ஆளைத் தொட்டு, மூச்சு விடாமல் திரும்பவேண்டும். மூச்சு அறுந்தால் அவுட். எல்லாம் காதில் கேட்கிற விஷயம்.

அவன் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஒன்று வந்துவிட்டது. கடகடவென்று பெட்டி பெட்டியாகப் போகிறது. சவரிமுத்துவின் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. அவன் கோட்டைத் தாண்டிவிட்டான். கடைசிப் பெட்டியும் போயிற்று.

"மூச்சு அறுந்துபோச்சு!" என்றான் முனியாண்டி.

"யாருக்குடா அறுந்துச்சு? ஒனக்குத்தான் கண்ணு அறுந்துபோச்சு!" என்றான் சவரிமுத்து.

இரண்டு கட்சியும் என்னைப் பார்த்தது. தொட்டானா என்றால் நான் பார்த்தேன். பாடினானா என்றால் கடவுளுக்குத்தான் தெரியும். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"எனக்குக் கேக்கல" என்றேன்.

அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. "மாத்தாவுக்குக் காது கேக்கலையாம்லா!" "அவங்க ஊரு மாத்தா, அவங்களுக்குத்தான் சொல்லுவாரு!" "செவிட்டு மாத்தாவ யாரு நடுவரா வச்சது!" கூட்டம் கோட்டை மிதித்து உள்ளே வந்தது. சவரிமுத்து துண்டை உதறினான். கொக்கி கையில் வந்துவிட்டது. முனியாண்டி குனிந்தான். அந்த மண்ணில் எங்கே குனிந்தாலும் அரைச்செங்கல் கிடைக்கும். ஒன்றோடு நிமிர்ந்தான்.

என் கை விசிலில் இருந்தது.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். ஊதினால் என் பேரில் ஒரு குற்றமும் வராது. உத்தரவே அதுதான். கூட்டம் சிதறும், சண்டை நிற்கும். கையில் செங்கல்லோடு முனியாண்டி பிடிபடுவான். அப்புறம் கோர்ட், அப்புறம் கப்பல். ஊதாமல் இருந்து கொக்கி எவன் வயிற்றிலாவது பாய்ந்தால், அந்த உயிருக்கு நான்தான் பதில் சொல்லவேண்டும். வேலை போவது இருக்கட்டும், சாகும்வரை அது என்னை விடாது. இரண்டில் எது சரி என்று யோசிக்க அவகாசம் இல்லை. நான் அஞ்சலையக்காவைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த விசிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்ரல் சொன்னது ஞாபகம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. கழுத்துக் கயிற்றோடு விசிலைக் கழற்றி அஞ்சலையக்காவின் மடியில் போட்டேன். தொப்பியையும் போட்டேன். பிரிக்பீல்ட்ஸ் பக்கமாகப் போய், குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கால்பட்டியும் பூட்ஸுமாக, கிள்ளான் எல்லைக்குள் பாடிக்கொண்டே இறங்கினேன்.

"சடுகுடு சடுகுடு சடுகுடு சடுகுடு..."

அத்தனை பேர் நடுவில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. கிள்ளான்காரர்கள் திகைத்து நின்றார்கள். ஆனால் ஆட்டக்காரன் உடம்பு ஒன்று உண்டு. எதிரி பாடிக்கொண்டு எல்லைக்குள் வந்தால் அது கேட்காமலே எழுந்துகொள்ளும். நான் ஒருவனைத் தொட்டேன். "டேய், தொட்டுட்டாரு!" என்று யாரோ அலறினார்கள். அவ்வளவுதான். வரிசை தானாக வளைந்தது. கைகள் விரிந்தன. சவரிமுத்து என்னைப் பிடிக்க வந்தான். ஆளைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். கொக்கியை எங்கோ வீசிவிட்டு வந்தான்.

முனியாண்டியின் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அவன் செங்கல்லை எறிந்திருந்தால் என்மேல்தான் பட்டிருக்கும். அவன் கட்சிக்காகப் பாடுகிறவன் அந்தச் சமயத்தில் நான்தானே. பின்னால் அவன் குரல் மட்டும் கேட்டது: "மாத்தாண்ணே, எடது பக்கம்! எடது பக்கம் வர்றான்!"

சவரிமுத்து என் இடுப்பைப் பிடிக்கப் பாய்ந்தான். மூட்டை விழுவதுபோல் மல்லாந்து விழுந்தேன். மேலே நாலைந்து பேர் வந்து விழுந்தார்கள். இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு மூச்சு அறுந்தது. அப்போது ஒன்று உணர்ந்தேன். என் பின்தலை மண்ணில் மோதவில்லை. அதற்கும் செங்கல் துண்டு கிடந்த தரைக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை இருந்தது. மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை. என்னை வீழ்த்திய அதே நொடியில் சவரிமுத்து தன் இன்னொரு கையை என் தலைக்கடியில் கொடுத்திருந்தான். எடுத்துப் பார்த்தால் விரல் முட்டியில் ரத்தம்.

சீருடைப் போலீஸ்காரனை வீழ்த்திவிட்டோமே என்ற பயம் எல்லார் முகத்திலும் இறங்கிவிட்டது. அப்போது டங்கென்று டின் சத்தம் கேட்டது. அஞ்சலையக்கா என் தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, கரண்டியோடு எழுந்து நின்றிருந்தாள்.

"மாத்தா அவுட்டு!"

அந்தச் சிரிப்பு எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. கிள்ளான்காரர்கள் சிரித்தார்கள், பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் சிரித்தார்கள், என்மேல் கிடந்தவர்கள் எழ முடியாமல் சிரித்தார்கள். முனியாண்டி வந்து எனக்குக் கை கொடுத்துத் தூக்கினான். அவன் கையில் செம்மண் மட்டும் இருந்தது.

"ரயில் வந்தா யாருக்கும் கேக்காதுப்பா" என்றேன். அன்று அதற்குமேல் பேச எனக்கு மூச்சில்லை.

சவரிமுத்து விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே யோசித்தான். "அப்ப ரயில் வந்தா நின்னுருவோம். அவனவன் நின்ன எடத்துல. போனப்புறம் மொதல்லேருந்து பாடுவோம். சரியாடா?"

"சரி" என்றான் முனியாண்டி. "இப்ப நீ மறுபடி பாடு."

சவரிமுத்து மறுபடி பாடினான். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. வென்றது கிள்ளான். முனியாண்டி கொக்கியைத் தேடி எடுத்து, துண்டில் சுற்றி, ரயிலடிவரை தானே தூக்கிக்கொண்டு போய் அவனிடம் கொடுத்தான். "பாரு, தூக்கிட்டுப் போகல" என்றான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தோளில் குத்திக்கொண்டார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஹவில்தாரை நான் மறந்தே போய்விட்டேன். இருட்டும் நேரத்தில் அவரே வெளியே வந்தார். உடம்பெல்லாம் செம்மண்ணாக, தொப்பியில்லாமல் நிற்கிற என்னைப் பார்த்து, "விசில் எங்கே?" என்று கேட்டார். கழுத்தைத் தடவிப் பார்த்தேன். விசில் அஞ்சலையக்காவோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

மறுநாள் காலையில் துரை கூப்பிட்டார். கலவரம் நடந்ததா என்றார். இல்லை என்றேன். ஏன் சீருடை கிழிந்திருக்கிறது என்றார். நான் மலாயில் சொன்னேன்: "துவான், நான் அவுட் ஆகிவிட்டேன்." அவர் புதுச் சட்டை ஒன்று கொடுக்கச் சொல்லி ஸ்டோருக்குச் சீட்டு எழுதினார். அதற்குமேல் ஒன்றும் கேட்காததற்கு அவருக்கும் நான் நன்றி சொல்லவேண்டும்.

நான் வெளியே வந்தபோது வாசலில் அஞ்சலையக்கா நின்றிருந்தாள். வாழையிலையில் பொதிந்து விசிலைக் கொடுத்தாள். "நல்லாத் தொடச்சிட்டேன்ணே. கொஞ்சம் எண்ணெ வாடை இருக்கும்." பொட்டலத்தில் இரண்டு வடையும் இருந்தது. இந்தத் தடவை மண் இல்லாத வடை.

முனியாண்டி கப்பல் ஏறவில்லை. ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, இன்றைக்குக் குழந்தைகுட்டிகளோடு அதே லயத்தில் இருக்கிறான். இப்போதும் அந்தத் திடலில் ரயில் வந்தால் ஆட்டக்காரர்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள். ஒருவன் ஒற்றைக் காலில் நிற்பான், ஒருவன் கையை நீட்டியபடி நிற்பான். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குக் கோயில் சிற்பம்போல் தெரியும். ஏன் நிற்கிறோம் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கோப்ரலை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டினேன். கைகளுக்கு வேறு வேலை என்று அவர் சொன்னது அந்தப் போட்டிக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது என்றேன். "நான் அப்படியா சொன்னேன்?" என்றார்.

நீங்கள் எல்லாரும் ஓடிப்போய்ச் சடுகுடு பாடவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஊதவேண்டிய இடத்தில் ஊதத்தான் வேண்டும். நானும் மற்ற சமயங்களில் ஊதியிருக்கிறேன். அன்று எனக்குத் தைரியம் எங்கிருந்தோ வந்துவிடவில்லை. அந்த முகங்களுக்கெல்லாம் எனக்குப் பெயர் தெரிந்திருந்தது. கிள்ளான் பையன் பெயர் அன்றைக்குத்தான் தெரியும், அவனோ என் தலைக்கடியில் கை கொடுத்தான். அந்தக் கையை நம்பி நான் இறங்கவில்லை. அது அங்கே இருந்தது, அவ்வளவுதான். என் சர்வீசில் அதைவிடப் பெரிய சம்பளம் யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

ஓய்வு பெற்ற அன்று சாமான்களைத் திருப்பிக் கொடுக்க ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்காரர் விசிலை வாங்கி, வேலை செய்கிறதா என்று பார்க்க ஜன்னலோரம் நின்று ஓங்கி ஊதினார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எதிர்ச் சந்தில் பையன்கள் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. ஒருவன் மட்டும் கண்ணுக்குமேல் கையை வைத்து, யாருக்கு என்ன வேண்டும் என்று ஸ்டேஷன் பக்கம் பார்த்தான். பிறகு தன் முறை வந்ததும் குனிந்து கோலியைச் சுண்டினான்.

அந்த விசிலை ஸ்டோரில் வைத்திருக்கமாட்டார்கள். உங்களில் ஒருவருக்குக் கொடுத்திருப்பார்கள். யாரிடம் இருக்கிறதோ, தம்பி, பத்திரமாக வைத்துக்கொள்.